கூசி கோட்டைப் பிரபு ஏழாம் ஆங்கெரான்: "கடைசி வாரிசு" என்பது எந்தக் கணக்கில்?

செங்கோடன்:
வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் பற்றி எதைப் படித்தாலும் ஒரு பெயர் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது: வட பிரான்சில், பிக்கார்டியில் இருந்த கூசி கோட்டையின் பிரபு ஏழாம் ஆங்கெரான். 1340 வாக்கில் பிறந்து 1397-ல் துருக்கியர் சிறையில் இறந்தவர். பெரும்பாலான குறிப்புகள் இவரை "கூசி குலத்தின் கடைசி வாரிசு" என்கின்றன. முதலாம் ஆங்கெரானிலிருந்து இவர் வரை அப்பன், மகன், பேரன் என்று நேர்க்கோட்டில் வந்த குலமா இது? இன்னொன்று, இங்கிலாந்து மன்னரின் மருமகனாக இருந்தவர் பிரெஞ்சுப் படைக்கு எப்படித் தலைமை தாங்கினார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மரபுக்கொடி:
செங்கோடன், நேர்க்கோடு கிடையாது. மூத்த ஆண்வழி 1311-லேயே அறுந்துவிட்டது. அந்த இடத்தில் குலத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு பெண். இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

முதலாம் ஆங்கெரான் 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூசியைப் பிடித்தவர். அமியேன் நகரின் கோமானாகவும் இருந்தார். இவர் மகன் தோமா டி மார்ல், முதலாம் சிலுவைப் போருக்குப் போய்வந்த வீரன், ஊர்திரும்பிய பிறகு சுற்றுவட்டாரத்தையே நடுங்க வைத்த கொடியவன். அப்பனுக்கும் மகனுக்கும் தீராப் பகை, குடியானவர்களின் வயலும் உயிரும்தான் அதற்கு விலை. நொழான் மடத்துத் தலைவர் கிபெர் இவனுடைய சித்திரவதைகளை எழுதிவைத்திருக்கிறார், படிக்க மனம் வராது. மன்னர் ஆறாம் லூயி இரண்டு முறை இவன்மீது படையெடுத்தார். 1130-ல் வெர்மாந்துவா கோமான் ராவுலின் கையால் படுகாயமடைந்து, பிடிபட்டு, இறந்தான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். தோமாவின் மகன் இரண்டாம் ஆங்கெரான் இரண்டாம் சிலுவைப் போரோடு முடிந்துபோனார். அவர் மகன் முதலாம் ராவுல் மணந்தது த்ரூ குடும்பத்து அலிக்ஸை. அந்த அலிக்ஸ் யார் தெரியுமா? ஆறாம் லூயியின் பேத்தி! தாத்தா வேட்டையாடிய குடும்பத்துக்கே பேத்தி மருமகளாக வந்தாள். ராவுல் 1191-ல் ஆக்கர் முற்றுகையில் மாண்டார். இவர்கள் மகன்தான் மூன்றாம் ஆங்கெரான், 1214-ல் பூவீன் போரில் மன்னர் பக்கம் நின்றவர், அந்தப் பிரம்மாண்டக் கோட்டையைக் கட்டியவர்.

மூன்றாம் ஆங்கெரான் 1242-ல் இறந்தார். மூத்த மகன் இரண்டாம் ராவுல் 1250-ல் எகிப்தின் மன்சூராவில் விழுந்தார். தம்பி நான்காம் ஆங்கெரான் பட்டத்துக்கு வந்து நெடுங்காலம் இருந்து, 1311-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். மூத்த ஆண்வழிக் கூசி அத்தோடு சரி.

அவருடைய சகோதரி இன்னொரு அலிக்ஸ். இவள் கணவன் கீன் கோமான் மூன்றாம் அர்னூல், கடன் தாங்காமல் 1283 வாக்கில் தன் நாட்டையே பிரெஞ்சு மன்னருக்கு விற்றவர். அப்பன்வழிச் சொத்து கைவிட்டுப் போன பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சொத்து வந்து சேர்ந்தது. மகன் கூசியை ஏற்று, கூசியின் பெயரையும் ஏற்று ஐந்தாம் ஆங்கெரான் ஆனார். அவர் மகன் கீயோம், பேரன் ஆறாம் ஆங்கெரான், கொள்ளுப்பேரன் நீங்கள் கேட்கும் ஏழாம் ஆங்கெரான். அப்பன்வழி பார்த்தால் இவர் கீன் குலத்தவர். நிலம், பெயர், குலச்சின்னம் எல்லாம் ஒரு பாட்டியின் கை வழியாக வந்தவை.

செங்கோடன்:
அக்கா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. மன்னருக்கே அடங்காத குடும்பம் போலிருக்கிறதே. "நான் அரசனல்ல, இளவரசனல்ல, டியூக்கும் அல்ல, கோமானும் அல்ல, நான் கூசியின் பிரபு" என்று இவர்களுக்கு ஒரு குல முழக்கம் இருந்ததாகப் படித்தேன்.

மரபுக்கொடி:
ஆமாம், அந்தத் திமிர் உண்மை. நான்காம் ஆங்கெரான் அதற்குச் சாட்சி. அருகிலிருந்த மடத்தில் பிரெஞ்சு படிக்க வந்த மூன்று பிளெமிஷ் இளைஞர்கள் முயல் வேட்டையாடிக்கொண்டே இவர் காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். விசாரணை எதுவுமில்லாமல் மூவரையும் தூக்கிலிட்டார். 1259-ல் ஒன்பதாம் லூயி இவரைக் கைது செய்யச் சொன்னார். பிரபுக்கள் எல்லாம் ஒன்றுகூடி "எங்களை எங்கள் தரத்தவர்தான் விசாரிக்க வேண்டும்" என்று வாதாடியும் மன்னர் இறங்கவில்லை. உயிர் தப்பியது. ஆனால் பெருந்தொகை அபராதம், இறந்த பிள்ளைகளின் ஆன்மாவுக்காக வழிபாட்டு மானியம், காட்டுரிமை பறிப்பு. பெரும்பிரபு ஒருவரைச் சாதாரணக் குற்றவாளிபோல மன்னரே விசாரித்த வழக்கு என்பதால் பிரெஞ்சுச் சட்ட வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

கோட்டைப்பித்தன்:
கோட்டையைப் பற்றி நானும் கொஞ்சம். நடுக்கோபுரம் சுமார் 54 மீட்டர் உயரம், 31 மீட்டர் விட்டம். அடியில் சுவரின் தடிமன் 7 மீட்டருக்கும் மேல். ஒரு சுவருக்குள்ளேயே ஒரு வீடு கட்டலாம். அரசர்கள் கட்டிய கோபுரங்களைவிடப் பெரியது. அதையும் ஒரு பிரபு கட்டினார் என்பதுதான் விஷயம்.

ஏழாம் ஆங்கெரான் அங்கே மாளிகைப் பகுதியைத் திருத்திக் கட்டினார். ஒரு மண்டபம் இடைக்காலம் போற்றிய ஒன்பது வீரர்களின் பெயரில், இன்னொன்று ஒன்பது வீராங்கனைகளின் பெயரில். வீராங்கனைகள் மண்டபத்தின் கணப்படுப்புக்கு மேலே அந்த ஒன்பது பெண்களும் சிலைகளாக நின்றார்கள். மரபுக்கொடி சொன்ன கதையைப் படித்தபின் அந்த மண்டபம் இந்தக் குடும்பத்துக்கு மிகப் பொருத்தம் என்றே தோன்றுகிறது.

1652-ல் பிரெஞ்சு முதலமைச்சர் மசாரின் உத்தரவுப்படி பாதி இடிக்கப்பட்டது, அப்போதும் கோபுரம் நின்றது. 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டது. போரில் அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கிட்டத்தட்ட 700 வருடம் நின்ற கோபுரம், இன்று கற்குவியல். என்னால் இதைக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை.

இளவேனில்:
எல்லாரும் கோட்டையையும் வம்சத்தையும் பேசுகிறீர்கள். அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் பற்றியும் பேச வேண்டாமா? 1358-ல் பிக்கார்டி, போவே பகுதிகளில் குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தார்களே, "ஜாக்கெரி" கலகம். அப்போது ஏழாம் ஆங்கெரானுக்கு 18 வயது. பிரபுக்களைத் திரட்டிக்கொண்டு போய்க் குடியானவர்களை வேட்டையாடியவர்களில் இவரும் ஒருவர். தோமா டி மார்லின் ரத்தம்தானே, வேறெப்படி இருக்கும்?

மரபுக்கொடி:
இளவேனில், 1358-ஐ நான் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. அந்த அடக்குமுறை கொடூரமானது. ஆனால் ரத்தத்தின் மேல் பழி போடுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனின் நிலையையும் பாருங்கள். அப்பா ஆறாம் ஆங்கெரான், க்ரெஸி போர் நடந்த 1346-ல் போய்விட்டார். அம்மா ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் குடும்பத்து காத்ரீன். மறுமணம் செய்துகொண்ட அவளையும் 1349-ல் கொள்ளைநோய் கொண்டுபோனது. பத்து வயதுக்குள் அநாதை. பெரிய நிலம், பெரிய பெயர், சுற்றிலும் போர்.

அதே மனிதர் 1368-ல் தன் ஆட்சிக்குட்பட்ட 22 ஊர்களின் பண்ணையடிமைகளுக்கு ஒரே சாசனத்தில் விடுதலை கொடுத்தார். இது கருணையால் மட்டும் வந்ததல்ல. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் கிடைக்கவில்லை, இருந்தவர்களும் சுதந்திரமான ஊர்களைத் தேடிப் போனார்கள், நிலம் தரிசாகக் கிடந்தது. சாசனமே இந்தக் காரணத்தைச் சொல்கிறது. விடுதலைக்கு ஈடாக வரியும் உண்டு. ஆனாலும் பக்கத்துப் பிரபுக்கள் பலர் இதே நெருக்கடியில் பிடியை இறுக்கியபோது இவர் தளர்த்தினார். அந்த வேறுபாட்டுக்கு என் கணக்கில் மதிப்பு உண்டு.

இளவேனில்:
சரி, சாசனத்தை ஏற்கிறேன். 1375-ல் சுவிஸ் நாட்டுக்குள் கூலிப்படையை ஓட்டிக்கொண்டு போனதை என்ன சொல்வீர்கள்?

மரபுக்கொடி:
அதுவும் தாய்வழிக் கதைதான். காத்ரீனின் அப்பா ஆஸ்திரிய டியூக் முதலாம் லியோபோல்ட், 1315-ல் மோர்கார்ட்டனில் சுவிஸ்காரர்களிடம் தோற்றவர். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. ஆர்கௌ, அல்சாஸ் பகுதிகளில் அம்மாவுக்குச் சீதனமாகச் சேரவேண்டிய நிலங்களைப் பங்காளிகள் வைத்துக்கொண்டார்கள். ஏழாம் ஆங்கெரான் அதை விடவே இல்லை. குலச்சின்னத்தில்கூட கூசியின் பட்டைகளோடு ஆஸ்திரியாவின் சிவப்பு வெள்ளையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

1375-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே சண்டை நிறுத்தம். வேலையில்லாத கூலிப்படைகள் பிரான்சைச் சூறையாடிக்கொண்டிருந்தன. அவர்களை நாட்டைவிட்டு வெளியே இழுத்துப்போனால் ஐந்தாம் சார்லஸுக்கும் நிம்மதி. வேல்ஸ் நாட்டு ஓவைனும் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் அப்போதைய ஆஸ்திரிய டியூக் மூன்றாம் லியோபோல்ட் திறந்தவெளிப் போருக்கு வரவில்லை. தன் நிலத்தையே எரித்துப் பாழாக்கிவிட்டுக் கோட்டைக்குள் போய்விட்டார். குளிர்காலம், தீனி இல்லை, படை சிதறியது. டிசம்பரில் பூட்டிஸ்ஹோல்ஸ், இன்ஸ், ஃப்ரௌப்ருன்னன் என்று மூன்று இடங்களில் உள்ளூர் மக்களும் பெர்ன் நகரத்தாரும் இரவோடு இரவாகப் புகுந்து அடித்தார்கள். சுவிஸ் பக்கம் இன்றும் நினைவுகூரப்படும் வெற்றி அது. பிறகு பேச்சுவார்த்தையில் நிடௌ, ப்யூரன் ஊர்கள் இவருக்குக் கிடைத்தன, 1388-ல் அவையும் கைவிட்டுப் போயின. எரிந்த கிராமங்களின் பழி இவர்மேல் உண்டு, நீங்கள் சொல்வது சரிதான்.

நிலாமுற்றம்:
எனக்கு அந்தக் கல்யாணக் கதைதான் வேண்டும். இங்கிலாந்து இளவரசி இவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்பது உண்மையா அக்கா?

மரபுக்கொடி:
பெருமளவு உண்மை, நிலா. 1356-ல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் பிடிபட்டார். மீட்புப் பணம் முப்பது லட்சம் பொற்காசு. 1360-ல் அதற்கு ஈடாக இங்கிலாந்து போன பணயக்கைதிகளில் இவர் ஒருவர். கைதி என்றாலும் அரசவையில் ஆட்டமும் பாட்டும் விருந்தும்தான்.

மூன்றாம் எட்வர்டின் மூத்த மகள் இசபெல்லா 1332-ல் பிறந்தவள், அப்பாவின் செல்லம். இவளுக்கு முன்பே நிச்சயங்கள் நடந்து முறிந்திருந்தன. 1347-ல் பிளாண்டர்ஸ் கோமான் கடைசி நேரத்தில் ஓடிப்போனார். 1351-ல் அல்பிரெ குடும்பத்தில் நிச்சயித்தபோது இவளே கப்பலேறுவதற்கு முன் மறுத்துவிட்டாள். 33 வயதில், தன்னைவிட ஏழெட்டு வயது இளைய பிரெஞ்சுக் கைதியைத் தேர்ந்தெடுத்தாள். 1365 ஜூலையில் வின்ட்ஸரில் திருமணம். மாமனார் மீட்புப் பணம் வாங்காமல் விடுதலை கொடுத்தார், பெட்ஃபர்ட் கோமான் பட்டம் கொடுத்தார், இங்கிலாந்தின் உயரிய வீரர் அமைப்பான கார்ட்டர் வரிசையிலும் சேர்த்தார். சுவாசோன் நாடு கிடைத்ததும் அப்படித்தான். அதன் சொந்தக்காரர் கீ தெ புளுவாவும் அங்கே பணயக்கைதி. தன் விடுதலைக்காக அவர் சுவாசோனை எட்வர்டிடம் எழுதிக்கொடுக்க, எட்வர்ட் அதை மருமகனுக்குத் தந்தார். இரண்டு பெண்கள்: 1366-ல் மாரீ, 1367-ல் பிலிப்பா.

1369-ல் போர் மறுபடி மூண்டது. ஒரு பக்கம் பிறந்த நாட்டு மன்னர், மறுபக்கம் மாமனார். இவர் இரண்டு பக்கமும் வாளெடுக்காமல் இத்தாலிக்குப் போய்ப் போப்புக்காகச் சண்டையிட்டார். எட்வர்ட் உயிரோடு இருந்தவரை அந்த விலகலைக் கைவிடவில்லை. 1377 ஜூனில் எட்வர்ட் இறந்தார். ஆகஸ்டில் இவர் புது மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு எழுதி, இங்கிலாந்துப் பட்டங்களையும் கார்ட்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். செங்கோடனின் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதுதான்.

நிலாமுற்றம்:
அப்போ இசபெல்லா?

மரபுக்கொடி:
அவள் இங்கிலாந்தில் நின்றுவிட்டாள். அதன்பின் இருவரும் சேர்ந்து வாழவில்லை, சில ஆண்டுகளில் இறந்தும் போனாள். மாரீ அப்பாவோடு பிரான்சில், பிலிப்பா அம்மாவோடு இங்கிலாந்தில்.

பிலிப்பாவைச் சின்ன வயதிலேயே ஆக்ஸ்ஃபர்ட் கோமான் ராபர்ட் டி வீருக்குக் கட்டிவைத்தார்கள். ரிச்சர்டின் உயிர்நண்பன் அவன். 1387-ல் அரசியின் பணிப்பெண் ஒருத்திக்காக இவளைத் தள்ளிவைத்தான். பெற்ற தாயே அவன் பக்கம் நிற்கவில்லை, மருமகளைத்தான் அணைத்துக்கொண்டாள். அந்த வருடக் கடைசியில் ராட்காட் பாலத்தருகே தோற்று அவன் கடல்கடந்து ஓடி, பாரிஸில் அடைக்கலம் கேட்டான். அங்கே மன்னரின் ஆலோசனைச் சபையில் உட்கார்ந்திருந்தவர் பிலிப்பாவின் அப்பா. டி வீர் பிரான்சில் நிலைக்க முடியவில்லை, 1392-ல் லூவேனில் இறந்தான். போப் அந்த மணவிலக்கைச் செல்லாது என்று அறிவித்தார். ஆங்கெரானை எனக்கு மிகப் பிடிக்கிற இடம் இது.

நாடோடி:
கூசி பிரபுவின் இதயத்தை அறுத்துச் சமைத்து, அவன் காதலிக்கே கணவன் பரிமாறினான் என்று ஒரு கதை படித்திருக்கிறேன். இவரா அது?

கோட்டைப்பித்தன்:
இல்லை நாடோடி. அது "கூசி கோட்டைக் காவல் அதிகாரி"யைப் பற்றிய கதை, பிரபு குடும்பமே அல்ல. பாடல்கள் புனைந்த அந்த அதிகாரி 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்து, நான்காம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் 1203-ல் இறந்தவர். இதயம் தின்ற கதை பின்னால் ஒட்டவைத்தது. ஏழாம் ஆங்கெரானின் இதயத்துக்கு உண்மையிலேயே ஒரு பயணம் உண்டு, அதை அக்கா எழுதட்டும்.

மரபுக்கொடி:
எழுதுகிறேன். 1380-ல் தளபதி து கெக்லன் இறந்ததும் பிரான்சின் தலைமைத் தளபதிப் பதவி இவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி, ஒலிவியே தெ க்ளிசோனைக் கைகாட்டினார். 1382-ல் ரூஸ்பெக் போர், 1384-ல் இத்தாலியில் அரெஸ்ஸோவைப் பிடித்து பிளாரன்சுக்கு விற்றது, 1390-ல் துனிசியக் கரையில் மஹ்தியா முற்றுகை என்று ஓய்வே இல்லை.

1396-ல் துருக்கியரிடமிருந்து ஹங்கேரியைக் காக்கக் கிளம்பிய சிலுவைப் படைக்கு இளைஞரான நெவேர் கோமான் ஜான் தலைவர். ஆலோசனை சொல்ல மூத்தவராக இவரை அனுப்பினார்கள். நிக்கோபோலிஸில் ஹங்கேரி மன்னர் சிகிஸ்முண்ட் "என் காலாட்படை முன்னே போகட்டும்" என்றார். ஆங்கெரானும் கடற்படைத் தலைவர் ஜான் தெ வியேனும் அதுதான் சரி என்றார்கள். தலைமைத் தளபதி யூ கோமானுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. செப்டம்பர் 25 அன்று பிரெஞ்சுக் குதிரைப்படை முதலில் பாய்ந்து அழிந்தது. வேண்டாம் என்று தெரிந்தும் இவர் ஒதுங்கி நிற்கவில்லை, சேர்ந்தே போனார், பிடிபட்டார். மறுநாள் கைதிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றபோது, மீட்புப் பணம் தேறும் பெரிய பிரபுக்களை மட்டும் சுல்தான் பயசீத் ஒதுக்கிவைத்தார். இவர்களையும் அந்தக் கொலைகளைப் பார்க்க நிறுத்தினார்கள். பிறகு கல்லிப்போலி வழியாக பூர்சாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1397 பிப்ரவரி 18 அன்று, மீட்புப் பணம் வருமுன் இறந்தார். சுவாசோன் அருகே தானே நிறுவிய செலஸ்டீன் மடத்துக்கு அவர் இதயம் வந்து சேர்ந்தது.

இனி "கடைசி வாரிசு" விஷயம். மாரீயின் கணவன் ஹென்றி தெ பாரும் அதே போருக்குப் போய், திரும்பும் வழியில் இத்தாலியில் இறந்தான். விதவையான மாரீயை நெருக்கி, 1400-ல் மன்னரின் தம்பி ஓர்லியான் டியூக் லூயி நான்கு லட்சம் லீவ்ருக்குக் கூசியை வாங்கினார். பணம் முழுதாக வரவுமில்லை. நிலம் போனது, வம்சம் போகவில்லை. மாரீயின் மகன் ராபர்ட் தெ பார் 1415-ல் அஜின்கூர் போரில் மடிந்தார். அவர் மகள் ஜான், லக்சம்பர்க் குடும்பத்து லூயியை மணந்தாள். அவர்கள் மகன் பியேர், அவர் மகள் மாரீ தெ லக்சம்பர்க், கைப்பிடித்தது வாந்தோம் கோமான் பிரான்சுவா தெ பூர்போனை. அவர்கள் மகன் சார்லஸ், பேரன் அந்துவான், அந்துவானின் மகன் பிரான்சின் நான்காம் ஹென்றி. அதே மாரீ தெ லக்சம்பர்கின் மகள் அந்துவானெத் வழியாக ஸ்காட்லாந்து அரசி மேரியும் வருகிறாள். "அரசனல்ல" என்று முழங்கிய குலத்தின் ரத்தம் இரண்டு அரியணைகளில் உட்கார்ந்தது. 1311-ல் அலிக்ஸின் மகனைக் கூசி என்று ஏற்றுக்கொண்ட உலகம், 1397-ல் மாரீயைப் பார்த்து "முடிந்தது" என்று எழுதுவதை என்னால் ஒப்ப முடியாது.

இளவேனில்:
இந்த வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு சந்தேகம். இரண்டாம் மனைவி இருந்தாளே, அவளுக்கு ஆண் குழந்தை இல்லையா?

மரபுக்கொடி:
1386-ல் லொரேன் டியூக்கின் மகள் இசபெல்லை மணந்தார். அவளுக்கும் ஒரே மகள்தான், அம்மாவின் பெயரேதான் அவளுக்கும். சொத்தில் பங்கு கேட்டு மாரீ தரப்போடு நீண்ட வழக்கு நடந்தது. மகள் 1409-ல் இன்னொரு நெவேர் கோமான் பிலிப்பை மணந்து 1411-ல் இறந்தாள், குழந்தைகளும் தங்கவில்லை. தாய் இசபெல் பவேரியா டியூக் ஸ்டீஃபனை மறுமணம் செய்து, பிரெஞ்சு அரசி இசபோவுக்கே சிற்றன்னை ஆனாள்.

ஆண் குழந்தை இருந்தான். பெர்சேவால், மணவுறவுக்கு வெளியே பிறந்தவன். தந்தை அவனை மகன் என்று ஏற்று ஓபெர்மோன் என்ற சிறு நிலத்தையும் கொடுத்தார். கூசிக்கு மட்டும் அவனால் உரிமை கேட்க முடியவில்லை. "ஆண்வாரிசு இல்லாததால் அழிந்த குலம்" என்று எழுதுகிறவர்கள் பெர்சேவாலையும் சேர்த்தே மறந்துவிடுகிறார்கள்.